எண்ணெயில் இறங்கிய சிவப்பு

கம்பு வீச்சின் நடுவே ஜெசிந்தா மறுபடியும் கம்பைப் போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள்.

சிலம்ப ஆசான் செண்பகவல்லி இடுப்பில் கையை வைத்தபடி நின்றார். ஜெசிந்தாவைவிட வயதில் இளையவர்; உடம்போ இரண்டு மடங்கு. அவள் திரும்பி வரும்வரை காத்திருந்து கேட்டார்.

"ஏட்டி, எதிராளி அடிச்சு ஓடினாச் சரி. நான் இன்னும் கம்பையே தூக்கலையே?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இனி மறைத்துப் பயனில்லை.

"மாத்திரை போடுறேன் மாஸ்டர், உடம்பு குறைய. சாப்பாட்டுல இருக்கிற கொழுப்பை உள்ளே சேரவிடாம அப்படியே வெளியே தள்ளிரும்."

"அதான் இந்த ஓட்டமா!"

மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு முன்பு ஜெயித்த அதே எடைப் பிரிவில் இறங்கிவிட வேண்டும் என்று ஜெசிந்தாவுக்கு வெறி. எடை மிஷினோ இறங்கி வர மறுத்தது. அதற்கும் மேலே ஒரு பயம் அவளை அரித்தது. வேப்பமரத் தூளியில் தூங்கும் அவள் மகள் அமலி இன்னும் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை.

"கொழுப்பைத்தானே தள்ளுது மாஸ்டர்? சத்து உள்ளேதானே இருக்கும்? டாக்டரம்மா எழுதிக் கொடுத்த வைட்டமின் மாத்திரையையும் விடாமப் போடுறேன். மறந்துடக் கூடாதுன்னு மதியம் ரெண்டையும் சேர்த்தே முழுங்கிருவேன்."

"இந்த விஷயம் டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லலை."

"ஏன்?"

"திட்டுவாங்க."

ஆசான் உள்ளே போய் இரண்டு கண்ணாடித் தம்ளர்களோடு வந்தார். ஒன்றில் தண்ணீர், மற்றதில் தேங்காயெண்ணெய். ஆடி முடித்துக் கைகாலில் தேய்க்கும் எண்ணெய் காய்ச்சுவதற்கென்று வேம்பாளம்பட்டை எப்போதும் அவரிடம் இருக்கும். அதை ஒடித்து ஆளுக்கொரு துண்டு என்பதுபோல் இரண்டிலும் போட்டு வெயிலில் வைத்தார்.

"வா, ஒரு சுத்து ஆடுவோம்."

ஆடினார்கள். ஜெசிந்தா முழங்காலில் ஒன்று வாங்கினாள். பதிலுக்கு ஆசானின் தோளில் ஒன்று வைத்தாள்.

"பரவாயில்லையே! இது எங்கே ஒளிஞ்சிருந்துச்சு?" என்று தோளைத் தடவிக்கொண்டு சிரித்தார் ஆசான்.

மூச்சு வாங்க வந்து தம்ளர்களைப் பார்த்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. எண்ணெய் மாதுளைச் சாறு போலச் சிவந்திருந்தது.

"அய்யோ, என்ன அழகு மாஸ்டர்!"

"எனக்கு எண்ணெய் வேண்டாம், சிவப்பு மட்டும் போதும். எண்ணெயை அந்த மரத்தடியில ஊத்திட்டுச் சிவப்பைக் கொண்டா."

ஜெசிந்தா உற்சாகமாக எடுத்துக்கொண்டு போனாள். தம்ளரைச் சாய்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எண்ணெயை ஊத்தினா அதோட சிவப்பும் போயிருமே மாஸ்டர்."

"அதெப்படி? போட்டது நல்ல பட்டைதானே?"

"பட்டை நல்லதுதான்… அப்போ கொழுப்புல கரையிற வைட்டமினும் இப்படித்தான் கொழுப்போடவே வெளியே போயிருமா?"

மதியம் இரண்டையும் சேர்த்து வாயில் போடும் கை, தம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டது.

தூளியில் அமலி சிணுங்கினாள். ஜெசிந்தா தம்ளரைச் சிந்தாமல் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்த் தூக்கினாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, கேள்வி கேட்காமல், சத்தம் வரக் குடித்தது.

"இன்னிக்கே டாக்டரம்மாகிட்டப் போய்த் திட்டு வாங்கிக்கிறேன்."

"போ. பிள்ளையையும் தூக்கிட்டுப் போ, கொஞ்சம் கம்மியாத் திட்டுவாங்க."

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த முகம் சட்டென்று வாடியது.

"ஆனா மாத்திரையை விட்டுட்டு மேல் எடைப் பிரிவுல இறங்கினா, அங்கே வர்றவங்க ஒவ்வொருத்தரும் மலை மாதிரி இருப்பாங்களே மாஸ்டர்?"

ஆசான் தரையில் கிடந்த கம்பை எடுத்து அவள் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"இருக்கட்டும். அவங்க எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் வருவாங்க. நீயும் சாப்பிட்டுட்டுப் போ."