அம்மையார் தேடாத ஊர்

இதைச் சொல்வோரில் சிலர் ஊர்கள் இருபது என்பர், சிலர் முப்பது என்பர். மங்கையர்க்கரசி அம்மையார் குருவிடம் கேட்ட கேள்வி மட்டும் எல்லார் வாயிலும் ஒன்றே.

“நான் சொல்லும் பொய்கள் போதுமா, சுவாமி?”

அம்மையார் குருவின் மடத்தில் தீட்சை பெற்றவர். அவருடைய மகள் வேறு சாதியில் மணம் செய்துகொண்டு, மலையடிவாரத்தில் ஓர் ஊரில் ஒளிந்து வாழ்ந்தாள். அவளைக் கொல்வதற்கென்றே தேடினான் அண்ணன். தாயின் கைப்பேசி இணையத்தில் எதையெல்லாம் தேடுகிறது என்ற விவரத்தைத் தகவல் விற்கும் ஒரு தரகனிடமிருந்து வாங்கி வந்தான். அதை அறிந்த அம்மையார் மலைப்பேருந்து போகும் ஊர்களின் பெயர்களை ஒரு செயலியில் எழுதிவைத்தார். அது நாள்தோறும் தானாகவே அந்த ஊர்களிலெல்லாம் வாடகை வீடு தேடியது, குழந்தை மருத்துவரைத் தேடியது.

“அவன் நம்பினானா?” என்றார் குரு.

“மூன்று ஊருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினான், சுவாமி.”

“ஊர்களை வரிசையாகச் சொல்லுங்கள்.”

“புளியந்தோப்பு, மேட்டுக்கடை, சாத்தனூர்...”

அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மடத்துச் சமையற்காரர் சடையாண்டி நிமிர்ந்தார். அந்த வழியில் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

“என்னங்கம்மா, மேட்டுக்கடைக்கு அப்புறம் நேரா சாத்தனூரா? நடுவுல கல்லுப்பாளையத்த பஸ்ஸு தாண்டிக் குதிச்சிருச்சா? அங்க நிறுத்தாமப் போயிருந்தா என் சட்டையக் கிழிச்சிருப்பாங்க.”

அவர் மட்டுமே சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

“அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை,” என்றார் அம்மையார்.

“உங்கள் மகனும் அந்தப் பேருந்தில் பள்ளிக்குப் போனவன்தானே?” என்றார் குரு.

அம்மையாரின் விரல்கள் கைப்பேசியைத் தேடின. “இப்போதே சேர்த்துவிடட்டுமா, சுவாமி?”

“நேற்றுவரை இல்லாத பெயர் இன்று வந்தால் அவன் கவனிக்கமாட்டானா?”

“நான் என்ன செய்வேன்?”

“மகளும் மருமகனும் இன்றே வேறு ஊருக்குப் போகட்டும். சடையாண்டி அழைத்துச் செல்வார்.”

சடையாண்டி கீரையை வைத்துவிட்டு எழுந்தார்.

“எந்த ஊருக்கு?” என்றார் அம்மையார்.

குரு மறுத்துத் தலையசைத்தார்.

“பேரன் பிறந்து நாற்பது நாள் ஆகிறது, சுவாமி. இன்னும் நான் முகம் பார்க்கவில்லை. எனக்குக்கூடவா சொல்லக் கூடாது?”

“உங்களுக்குத்தான் அம்மா சொல்லக் கூடாது. தெரியாதவரை எந்த ஊரையும் விடாமல் தேடுவீர்கள்.”