சட்டை போடாத தோள்

முன்னொரு காலம் என்றெல்லாம் இல்லை, போன வருஷம்தான். தங்கப்பாண்டி என்ற மாவுமில்காரரின் தோளில் ஒரு துண்டும் ஒரு மருந்தும் குடியிருந்தன.

மருந்து புதிது. நாற்பத்தைந்து வயதிலேயே ஆள் ஓய்ந்துபோக, ரத்தத்தைச் சோதித்ததில் ஆண்களுக்கான ஹார்மோன் குறைவு என்று தெரிந்தது. தினமும் காலையில் தோளில் தடவ டாக்டர் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். தடவியதும் சட்டை போட வேண்டும், குழந்தைகள் மேல் படக்கூடாது என்றும் சொன்னார். தங்கப்பாண்டி தலையாட்டினார். மனைவி பேச்சியிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

வீட்டில் அவர் சட்டை போட்டதே கிடையாது. இப்போது போட்டால் பேச்சி ஏன் என்று கேட்பாள். அதனால் தடவிய தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"நீ யாருப்பா?" என்றது துண்டு.

"இவருக்குத் தெம்பு கொடுக்க வந்தவன். நீ தள்ளியே இரு."

"நான் இவரோட மரியாதை. நான் எதுக்குத் தள்ளணும்?"

"எந்தத் தோல்ல பட்டாலும் உள்ள இறங்கிருவேன். பெரியவங்க, குழந்தைங்கன்னு எனக்குப் பார்க்கத் தெரியாது."

துண்டு சிரித்தது. கொடியில் கிடந்த சட்டைக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. "ஐயா, என்னைப் போடுங்க!" என்று கத்தியது. சட்டை கத்தி எந்த மனுஷனுக்குக் கேட்டிருக்கிறது?

மூன்று மாதத்தில் தங்கப்பாண்டி நிமிர்ந்து நடந்தார். நான்கு வயது மகள் மலர்விழி தினமும் அந்தத் தோளில்தான் தொங்கினாள். அவள் வாயைப் பேச்சி அந்தத் துண்டில்தான் துடைத்துவிட்டாள்.

ஒருநாள் பிள்ளைக்குத் தலைவாரும்போது பேச்சி திடுக்கிட்டாள். முகத்தில் பருக்கள். வேர்வையில் பெரிய ஆட்களின் வாடை. அன்றே இருவரும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

"வீட்ல யாராவது ஹார்மோன் மருந்து தடவுறாங்களா?" என்று கேட்டார் குழந்தைகள் டாக்டர். "இல்லைன்னா வயித்துக்குள்ள கட்டி ஏதும் இருக்கான்னு பார்க்கணும்."

"அப்படி யாரும் இல்ல சார்," என்றாள் பேச்சி.

தங்கப்பாண்டி மகளைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

"நான்தான் டாக்டர். மூணு மாசமா. இவகிட்டகூடச் சொல்லல."

"உடம்புக்கு முடியலன்னா நான் சிரிக்கவா போறேன்?" என்று பேச்சி அழுதாள். "பிள்ளையப் போட்டு இப்படியா..."

இனிமேல் படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், தொடர்ந்து கவனிப்போம் என்றார் டாக்டர்.

மடியில் கிடந்த துண்டு மெல்லக் கேட்டது. "இவ்வளவு தைரியம் இவருக்கு நீ கொடுத்ததா?"

"இல்ல," என்றது மருந்து. "அது என்கிட்டக் கிடையாது."