பூதம் வாய் மூடிய கணவாய்

கடலோரத்து உப்பை மாட்டு வண்டியில் ஏற்றி, மலைநாட்டுக்குக் கொண்டுபோய் விற்ற காலம் ஒன்று இருந்தது. ரொம்ப ரொம்ப முன்னால். அப்போது எந்த ராஜா ஆண்டான் என்று என்னைக் கேட்காதீர்கள். உப்பு விற்றவர்களுக்கே அது தெரியாது.

அந்த வண்டிக் கூட்டத்துக்குத் தலைவர் ஆண்டியப்பர். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தத் தொண்டை இருக்கிறதே, அப்பப்பா! மாட்டை ஓட்டினாலும் கத்துவார். சோறு கேட்டாலும் கத்துவார். "சத்தம் போடாதீங்கடா" என்பதையும் கத்தித்தான் சொல்வார்.

கடைசி வண்டியை ஓட்டியவள் பூவாயி. புருஷன் போன பிறகு மாட்டையும் வண்டியையும் தானே பார்த்துக்கொண்டவள். அவளிடம் ஒரு நாய் வளர்ந்தது. பெரிய சாதி நாய். ஒரு வயசுகூட ஆகவில்லை, அதற்குள் கன்றுக்குட்டி உயரம். அதற்குப் பூதம் என்று பேர் வைத்திருந்தாள். உடம்புதான் பூதம், புத்தி இன்னும் பால்குடி மறக்காத குழந்தை.

பூதம் எதைப் பார்த்தாலும் குரைத்தது. காக்கை உட்கார்ந்தால் குரைத்தது. இலை உதிர்ந்தால் குரைத்தது. ஒன்றுமே நடக்காவிட்டால், ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று குரைத்தது. அதுவும் சின்னக் குரலா? வண்டிச் சட்டமே அதிரும்.

ஆண்டியப்பர் வைத்தியத்தில் இறங்கினார். முதலில், "ஏய், வாயை மூடு!" என்று கத்தினார். பூதம் வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் பலமாகக் குரைத்தது. அடுத்து, மாடு ஓட்டும் தார்க்குச்சியால் அடித்தார். இப்போது பயத்திலும் குரைத்தது. கடைசியில் கயிற்றால் வாயைக் கட்டினார். கட்டை அவிழ்த்ததும், அதுவரை சேர்த்து வைத்ததை எல்லாம் மொத்தமாகக் குரைத்துத் தீர்த்தது.

சிரிக்காதீர்கள். இதில் ஒரு உயிர் போக இருந்தது.

மலைநாட்டுக்குப் போகிற வழியில் குறுகலான கணவாய் ஒன்று உண்டு. அதன் பாறைகளுக்கு மேலே கள்ளர்கள் குடியிருந்தார்கள். சத்தம் கேட்டால் போதும், இறங்கி வந்துவிடுவார்கள். அதனால் உப்புக்காரர்கள் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாட்டு மணிகளைக் கழற்றி உப்புக்குள் புதைப்பார்கள். அச்சுக்கு எண்ணெய் விடுவார்கள். கணவாய்க்குள் நுழையும்போது ஒவ்வொருவரும் ஒரு வாய் தண்ணீரை அடக்கிக்கொண்டு, மறுபக்கம் போய்த்தான் துப்புவார்கள். வாயில் தண்ணீர் இருந்தால் பேச்சு வராது, பாருங்கள். யார் சத்தம் போட்டாலும் சரி, அதற்குப் பிறகு அவருக்குக் கூட்டத்தில் இடமில்லை.

"ஏ பூவாயி, மழை விட்டதும் கணவாயைத் தாண்டணும்" என்றார் ஆண்டியப்பர். "அங்க இது வாயைத் திறந்துச்சுன்னா, அந்த இடத்துலயே ஈட்டியால குத்திப் போட்டுருவேன். என் மேல வருத்தப்படாதே."

பூவாயி அழுதாள். பகலெல்லாம் வண்டியோட்டும் அவளுக்குப் பேச்சுத்துணை அந்த நாய் ஒன்றுதான். அழுது முடித்துவிட்டு யோசித்தாள்.

மழைக்காலம் முழுக்கக் கூட்டம் அடிவாரத்தில் தங்கியது. பூதம் குரைக்கும்போதெல்லாம் பூவாயி எழுந்து, அது எதைப் பார்த்துக் குரைக்கிறது என்று தானும் பார்த்தாள். காக்கை என்றால் பேசாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. குரைத்துக் குரைத்து ஓய்ந்து அது வாய் மூடுகிற நேரம் பார்த்து, திரும்பி, ஒரு துண்டுக் கருவாட்டைக் கொடுத்துக் கழுத்தைத் தடவினாள். ஒருமுறை மாட்டுப் பக்கம் நரி வந்தது. அன்றைக்குக் குரைத்ததற்கு, "நல்ல பிள்ளை!" என்று கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, கொஞ்சிக்கிட்டு இருக்கே? நாலு அதட்டு போடு!" என்றார் ஆண்டியப்பர், வழக்கமான குரலில்.

"அண்ணே, நீங்க அதட்டுறப்ப, நீங்களும் கூடச் சேர்ந்து குரைக்கிறீங்கன்னு அது நெனச்சுக்குது" என்றாள் பூவாயி. ஆண்டியப்பருக்குக் கோபம் வந்துவிட்டது. பேசாமல் போய்விட்டாரா? எங்கே, அதையும் கத்திவிட்டுத்தான் போனார்.

மழை விட்டது. பனி மூடிய ஒரு காலையில் வண்டிகள் கணவாய்க்குள் நுழைந்தன. எல்லார் வாயிலும் தண்ணீர். ஆண்டியப்பர் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பூதத்துக்குப் பக்கத்திலேயே நடந்தார்.

பாதி வழியில், பாறை மேல் ஒரு குரங்கு தாவியது. பூதம் நின்றது. காதை நிமிர்த்தியது. பூதம் குரங்கைப் பார்த்தது, பூவாயியைப் பார்த்தது, வாயை மூடியபடியே நடந்தது.

ஆனால் ஆண்டியப்பர் காது நிமிர்ந்ததை மட்டும்தான் பார்த்தார். "குரைச்சே, தொலைச்சுருவேன்!" என்று ஒரு கத்து கத்தினார்.

தொலைச்சுருவேன், தொலைச்சுருவேன் என்று மலை திரும்பச் சொன்னது. மேலே கற்கள் உருண்டன. பனிக்குள் தடதடவென்று கால்கள் இறங்கி வந்தன.

அப்போதுதான் பூதம் குரைத்தது. வயிற்றின் அடியிலிருந்து, இருக்கிற பலத்தை எல்லாம் சேர்த்துக் குரைத்தது. அதையும் மலை திரும்பச் சொன்னது. பனியில் ஒன்றும் தெரியாத கள்ளர்கள், கீழே ஒரு நாய்ப்படையே நிற்கிறது என்று நினைத்து வந்த வழியே ஓடினார்கள். ஓடுகிற சத்தம் அடங்கியதும் பூதமும் வாயை மூடிக்கொண்டது.

"பாத்தியா, குரைச்சிருச்சு!" என்று ஆண்டியப்பர் ஈட்டியை ஓங்கினார். பூவாயி பாய்ந்து நாயின் மேல் விழுந்தாள். "விலகு! இல்லே, பதில் சொல்லு!" என்று அவர் அதட்டினார்.

அவள் எப்படிப் பதில் சொல்வாள்? வாயில் தண்ணீர் இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்ட, உப்பிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். ஆண்டியப்பர் மற்றவர்களைப் பார்த்தார். கள்ளர் வந்த நேரத்தில்கூட ஒருவரும் துப்பவில்லை, எல்லார் கன்னமும் உப்பித்தான் இருந்தது. அவர் மார்பு மட்டும் நனைந்திருந்தது. ஈட்டி மெல்லத் தாழ்ந்தது.

மறுபக்கம் போனதும் எல்லாரும் தண்ணீரைத் துப்பினார்கள். ஆண்டியப்பருக்குத் துப்ப ஒன்றும் இல்லை. ஈட்டியைத் தம் வண்டியில் வைத்தார். "சத்தம் போட்டவனுக்குக் கூட்டத்துல இடமில்லை" என்று, வாழ்க்கையிலேயே முதல்முறையாக மெதுவாகச் சொன்னார். தனியாக நடக்கத் தொடங்கினார்.

"அண்ணே!" என்று பூவாயி கூப்பிட்டாள். "ஒரு மழைக்காலத்துல பூதமே கத்துக்கிச்சு. உங்களுக்கு வராதா? என் வண்டியில ஏறுங்க."

ஆண்டியப்பர் தலையைக் குனிந்துகொண்டு, பூதத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

அடுத்தவர் வாயை அடக்க நினைக்கிறவர், முதலில் தம் வாயை அடக்கப் பழக வேண்டும்.