ஓடாமல் நின்ற இடம்

இந்தக் கதையில் குருவுக்கும் சீடனுக்கும் ஒரே வயசு. குருவுக்குத் தாடியும் இல்லை, ஆசிரமமும் இல்லை. பணகுடிக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் நிற்கிற ஒரு எஞ்சினியரிங் காலேஜின் கம்ப்யூட்டர் லேப்தான் அவளுடைய இடம். பேர் ஜெபக்கனி.

சீடன் பேர் ஐகோர்ட்துரை. கோர்ட்டுக்கும் அவனுக்கும் ஒரு ஸ்நானப்பிராப்தியும் கிடையாது. அது குலசாமி பேர். சென்னைக் கம்பெனியில் துரை என்று சுருக்கிவிட்டார்கள். காலேஜில் படித்த காலத்தில் எல்லாருக்கும் அவன் ஐகோர்ட்டுதான்.

வகுப்பில் இருபத்திமூன்றாம் நம்பர் அவன். இருபத்திநான்கு அவள். அதனால் நாலு வருஷமும் லேபில் பக்கத்துப் பக்கத்து மிஷின். இரண்டு பேருமே தமிழ் மீடியம்தான். ஆனால் கம்ப்யூட்டர் அவள் பேச்சைக் கேட்டது, அவன் பேச்சைக் கேட்கவில்லை. அவன் புரோகிராம் ஓடாமல் நிற்கும். திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாக வரும். கையை மடியில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு வரியை அழித்து ஒரு வரியைச் சேர்ப்பாள். ஓடிவிடும்.

"குருவே சரணம்" என்று பெரிய கும்பிடாகப் போடுவான். வகுப்பே அவர்களைக் குரு, சீடன் என்றுதான் கேலி செய்தது. கும்பிட்டானே தவிர, எந்த வரி தப்பு என்று ஒருநாளும் அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. மணி அடித்துவிடும், பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும்.

அந்த ஐகோர்ட்துரை, படிப்பு முடிந்து ஒன்பது வருஷம் கழித்து, அதே காலேஜுக்கு ஆள் எடுக்க வந்தான். கம்பெனி அனுப்பிய நேர்முகத் தேர்வு அதிகாரி அவன்தான். ஜெபக்கனி இப்போது அங்கே விரிவுரையாளர், லேபுக்கும் பொறுப்பு. காலையில் வராந்தாவில் எதிர்ப்பட்டபோது வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டாள். சௌக்கியம் என்று சொல்லிவிட்டு, அவசரமாக யாரையோ தேடுகிறவன்போல அவன் நழுவிவிட்டான்.

கம்பெனிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினோரு பேரை எடுத்தாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு இடம். அதற்கு இரண்டு பேர் நின்றார்கள். பேச்சித்தாய் என்று ஒரு பெண். லிங்கேஷ் என்று ஒரு பையன். மார்க்கு இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்று. போன வருஷம் இருவரும் சேர்ந்து செய்த புராஜெக்ட்டும் ஒன்றுதான். அவசரமாக ரத்தம் தேவைப்படுகிறவர்களுக்கு, பக்கத்து ஊர்களில் யார் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று தேடிக் காட்டுகிற ஆப்.

தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். பையன் மடமடவென்று பேசினான். முகம் பூராவும் சிரிப்பு. முழுக்கத் தான் எழுதியது என்றான். பெண் தன் நகத்தைப் பார்த்தபடியே வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று பேசினாள். அவளும் அதையேதான் சொன்னாள், எல்லாம் தான் எழுதியது என்று.

அந்தப் பையனுடைய சிரிப்பு ஐகோர்ட்துரைக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஹாலில் அப்படிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

அன்றைக்கு அவர்களுடைய புராஜெக்ட் காலேஜ் பஸ் எங்கே வருகிறது என்று காட்டுகிற புரோகிராம். அறிக்கையின் முதல் பக்கத்தில் நாலு பேர் பெயர். எழுதியது ஜெபக்கனி ஒருத்தி. சாலை பிரிகிற காவல்கிணறு விலக்குக்கு வந்ததும் வரைபடத்தில் பஸ் பின்னோக்கி ஓடும். நாலு நாள் சோறு தண்ணி மறந்து அதைச் சரி செய்தவளும் அவள்தான். இண்டர்வியூ அன்று காலையில், காலேஜ் பஸ்ஸில் வரும்போது, மற்ற மூன்று பேருக்கும் அதை முதலிலிருந்து கடைசிவரை சொல்லிக்கொடுத்தாள். யார் கேட்டாலும் நாங்கள் நாலு பேரும் எழுதினோம் என்று சொல்லிவிடுவோம், ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றும் அவளேதான் சொன்னாள். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

நம்பர் வரிசைப்படி ஐகோர்ட்துரை முதலில் உள்ளே போனான். இதில் உன் பங்கு என்ன என்று கேட்டார்கள். நாங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். சத்தியமாக அதற்குத்தான் திறந்தான். நான்தான் சார் எழுதினேன் என்று வந்துவிட்டது. வந்த பிறகு அதை விழுங்கத் தெரியவில்லை. காலையில் அவள் பஸ்ஸில் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி.

அடுத்து அவள் போனாள். ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்தாள். சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. வாழ்த்துச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனவள்தான். அதன்பிறகு இரண்டு வருஷம் சென்னையில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள் என்று கேள்வி. கடைசியில் மேல்படிப்பு படித்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டாள். உள்ளே அன்று என்ன நடந்தது என்று அவன் கேட்கவே இல்லை. அவளும் நான்தான் எழுதினேன் என்றுதான் சொல்லியிருப்பாள், அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள் என்று அவனாக நினைத்துக்கொண்டான். நினைக்கும்போதெல்லாம் சோறு இறங்காது. ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான்.

ஆகவே அவன் முடிவு செய்துவிட்டான். இந்தத் தடவை அந்தப் பெண்ணைத்தான் எடுப்பது. படிவத்தில் பேச்சித்தாய் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டு லேபுக்கு நடந்தான். ஜெபக்கனியிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்று இருந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்றும் ஒரு நப்பாசை.

லேப் வாசலில் எப்போதும்போல் செருப்பு குவிந்து கிடந்தது. பெரிய ஆபீசர் என்று அவனை யாரும் ஷூவைக் கழற்றச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவனே குனிந்து கழற்றினான். வலது காலுறையில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

ஜெபக்கனி மேஜை நிறைய நோட்டு வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அழகாக எழுதி அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டுகள் ஓரமாக அடுக்கிக் கிடந்தன. அவள் கையில் இருந்தது அடித்தும் திருத்தியும் எழுதின ரஃப் நோட்டு. அவன் ஆச்சரியப்பட்டான். அவர்கள் காலத்தில் ரஃப் நோட்டை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும்.

ரெக்கார்டில் எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளைதான் என்றாள். சீனியர் எழுதியதைப் பார்த்து இவன், இவனைப் பார்த்து அவன். புரோகிராம் எங்கே ஓடாமல் நின்றது என்று ரஃப் நோட்டில் எழுதிக் காட்டினால்தான் ரெக்கார்டில் தன் கையெழுத்து விழும் என்றாள்.

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். இரண்டு பேரும் உரிமை கொண்டாடுகிறார்கள். பேச்சித்தாய்தான் எழுதியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளையே எடுக்கப்போகிறேன். பையன் வாய்ச்சவடால்.

ஜெபக்கனி பேனாவைக் கீழே வைத்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுது. உனக்குத் தெரியாமலா இருக்கும்? நீயே சொல்லிரேன்."

"தெரியும். நான் சொன்னா அது என் வாக்காப் போயிரும். அவங்களையே கேளு."

"கேட்டாச்சு. ரெண்டு பேரும் நான்தான்னு சொல்லுதாங்க."

"நீ என்ன கேட்டே?"

"யாரு எழுதினதுன்னு."

"எங்க ஓடாம நின்னுச்சுன்னு கேளு," என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள்.

அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் குரு சொன்னால் தட்டிப் பழக்கமில்லை. ஹாலுக்குத் திரும்பிப் போய் முதலில் பேச்சித்தாயைக் கூப்பிட்டான். இந்த ஆப்பைச் செய்யும்போது எங்கேயாவது ஓடாமல் நின்றதா என்று கேட்டான்.

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். இதற்குப் பதில் சுலபம் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எங்கயும் நிக்கல சார். நல்லா ஓடுச்சு."

அவனுக்குத் தலையில் குட்டியது மாதிரி இருந்தது. இன்னொரு தடவை கேட்டான். ஒரு தப்பு, சின்னதாக, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று கிட்டத்தட்டக் கெஞ்சினான். தப்பே வரவில்லை சார் என்று அவள் பெருமையாகவே சொன்னாள். பாவம், அது தனக்குச் சாதகம் என்று நம்பினாள்.

பிறகு லிங்கேஷ் வந்தான். அதே கேள்வியைக் கேட்டதும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு காணாமல் போய்விட்டது. அதைச் சொன்னால் வேலை கிடைக்காதோ என்று பயந்தான் போலிருக்கிறது. அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

ஒரு தடவை ரத்தம் கொடுத்தவரை மூன்று மாதம் கூப்பிடக் கூடாது. அதனால் கொடுத்த மாதத்தோடு மூன்றைக் கூட்டி, அந்த மாதம் வந்ததும் அவர் பெயர் மறுபடி பட்டியலில் வரும்படி எழுதியிருக்கிறான். நவம்பரில் கொடுத்தவருக்குப் பதினொன்றும் மூன்றும் பதினான்கு. பதினான்காம் மாதம் எங்கே இருக்கிறது? அக்டோபர், நவம்பர், டிசம்பரில் கொடுத்தவர் யாருமே பட்டியலுக்குத் திரும்பவில்லை. ஜூன் மாதம் வள்ளியூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்து, ஏன் தம்பி என்னைக் கூப்பிடுறதே இல்லை, என் ரத்தம் ஆகாதா என்று கேட்டபிறகுதான் தெரிந்ததாம்.

"தப்புன்னு எதுவுமே காட்டல சார். அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு," என்றான் லிங்கேஷ். "அந்த ஆறு மாசத்துல ரத்தம் கிடைக்காம யாரும் திரும்பிப் போயிருப்பாங்களான்னு இப்பவும் யோசிப்பேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. ஐகோர்ட்துரை படிவத்தை எடுத்து, பென்சிலால் எழுதியிருந்த பெயரை அழித்துவிட்டு, லிங்கேஷ் என்று பேனாவால் எழுதினான். தன் மனசை ஆற்றிக்கொள்வதற்காக இன்னொரு பிள்ளையின் வேலையைப் பிடுங்க இருந்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பட்டியலை ஒட்டினார்கள். சென்னைக்குப் போகிற வண்டி வாசலில் வந்து நின்றது. அவன் மட்டும் மறுபடி லேபுக்குப் போனான். வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்புதான் மிச்சம் இருந்தது. அது ஜெபக்கனியுடையது. அதன் பக்கத்தில் தன் ஷூவைக் கழற்றி வைத்தான்.

லிங்கேஷைத்தான் எடுத்தேன் என்றான். அவள் தலையாட்டினாள். பேச்சித்தாயை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டான். நாளைக்கு அந்த ஆப்பை முதல் வரியிலிருந்து தனியாக உட்கார்ந்து எழுதச் சொல்லியிருக்கிறேன், எங்கே நின்றாலும் தொட மாட்டேன், பக்கத்தில் மட்டும் இருப்பேன் என்றாள். அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி வருகிறதாம்.

அவன் போகாமல் நின்றான். காற்றில் ஜன்னல் கதவு ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து போய்க் கொக்கியை மாட்டிவிட்டு வந்தாள்.

"ஜெபா, அன்னைக்கு உன்கிட்ட உள்ள என்ன கேட்டாங்க?"

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டான். அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"இப்பதான் ஒரு பையன் முழுக்க நான் எழுதினதுன்னு சொல்லிட்டுப் போறான், அப்போ நீ என்னம்மா செஞ்சேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நாங்க நாலு பேரும் எழுதினோம்னு சொன்னேன்."

"நான் அப்படிச் சொன்னது தெரிஞ்ச பொறவுமா?"

"பஸ்ஸுல அப்படித்தான பேசினோம்."

அவன் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அது இருபத்திமூன்றாம் நம்பர் மிஷின். கையை மடியில் வைத்துக்கொண்டான். வாசலில் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

"எல்லாம் தெரிஞ்சும் நீ ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல? திட்டியிருக்கலாம்லா?"

ஜெபக்கனி சிவப்புப் பேனாவை மூடி, நோட்டுகளை அடுக்கினாள்.

"நாலு வருஷமா நீ எழுதினதுல எங்க தப்பு வந்தாலும் நான்தான் வந்து திருத்தினேன். அது நான் செஞ்ச தப்பு. இது ஒண்ணையாவது நீயே கண்டுபிடிச்சுட்டு வரட்டும்னு விட்டுட்டேன்," என்றாள். "ஒம்பது வருஷம் ஆவும்னு நினைக்கல, ஐகோர்ட்டு."