தேங்காய் நார் உடுத்த கதை

அந்தக் காலத்தில், நத்தையும் எறும்பும் நேருக்கு நேர் நின்று வாதாடிய காலத்தில், தேங்காய்க்கு நார் கிடையாது. பளபளவென்று வெறும் ஓடுதான். தலையில் இருந்த மூன்று கண்களும் வாசல்போலத் திறந்தே கிடக்கும். காட்டில் எதை அளக்க வேண்டுமென்றாலும் தேங்காயைத்தான் கூப்பிடுவார்கள். அது ஒன்று சொன்னால் மறுபேச்சு இல்லை. அதில் தேங்காய்க்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு ஐப்பசியில் அடைமழை விடாமல் பிடித்துக்கொண்டது. காட்டுக்குத் தலைமை உடும்பு. மணலுக்குள் இருந்த அதன் முட்டைகள் குளிரில் விறைக்கத் தொடங்கின. முசுறு எறும்பிடம் புளிப்பு நீர் இருந்தது. நத்தையிடம் சுண்ணாம்பு இருந்தது. காட்டுத்தீயில் வெந்த பழைய ஓடுகளைப் பொறுக்கி, நீற்றிக் கரைத்து வைத்திருந்தது. இரண்டும் தனித்தனியே குளிர்ந்துதான் கிடக்கும். சேர்த்தால் ஒன்றின் கடுப்பை ஒன்று அடக்கும். அந்தச் சண்டையில் சூடு பிறக்கும்.

முதல் நாள் ஆலமரப் பொந்துக்குள் வைத்துக் கலந்து பார்த்தார்கள். தேங்காயின் ஒரு கண்ணில் புளிப்பை ஊற்றினார்கள், இன்னொன்றில் சுண்ணாம்பை. மூன்றாவது கண் வழியே மரவட்டை வாலை உள்ளே விட்டது. சூடு ஏற ஏற அது ஒவ்வொரு காலாகத் தூக்கும். அன்று இருபது கால் தூக்கியது. முட்டைக்கு அது போதும் என்றது உடும்பு.

மறுநாள் முட்டைகள் இருந்த மணல்மேட்டிலேயே கலந்தார்கள். அதே புளிப்பு, அதே சுண்ணாம்பு, அதே அளவு. மரவட்டை பதினொரு கால்தான் தூக்கியது.

உடும்பு சீறியது. முசுறு முந்திக்கொண்டு, தன் புளிப்பு சுத்தம், சுண்ணாம்பில்தான் கலப்படம் என்றது. காற்று சாட்சிக்கு வந்து, நத்தை களிமண் கலந்ததைக் கண்ணால் கண்டதாகக் கூசாமல் சொன்னது. ஊர் சுற்றுகிறவன் பேச்சுக்குத்தான் ஊரில் மதிப்பு. நத்தை அதுவரை யார் வம்புக்கும் போனதில்லையே என்று ஒரு பிராணிகூட யோசிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அதன் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு விரட்டுவதென்று தீர்ப்பானது. ஓடு போனால் நத்தைக்கு உயிர் ஏது?

நத்தை தேங்காயிடம் ஊர்ந்து வந்தது. "அக்கா, நீங்களே சொல்லுங்க. நான் கலந்தேனா?"

பதினொன்று என்று காட்டியது தேங்காயின் வயிறுதானே. அந்த நேரத்தில் காற்று அதன் முதுகை உரசிக்கொண்டு போனது. கொட்டுகிற மழையில் வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது. தேங்காய்க்குச் சுருக்கென்றது. அது தன் வயிற்றில் பிறந்த சூடு. மெல்லிய ஓட்டின் வழியாகவும் திறந்த கண்கள் வழியாகவும் அதை உருவிக்கொண்டு போன திருடன்தான் சாட்சியாக நின்று நியாயம் பேசியிருக்கிறான். தேங்காய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே உடும்பிடம் போய், இதே மேட்டில் இன்னொரு முறை அளக்க வேண்டும் என்றது. அளந்தது அளந்ததுதான் என்று உடும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அளந்தது நான். தப்பு என்னோடது," என்றது தேங்காய். "நத்தையோட ஓட்டைப் பிடுங்கி வச்சு உங்க முட்டையை அடைகாப்பீங்களா?"

உடும்பு வாலை ஒதுக்கி மேட்டில் இடம் விட்டது.

தேங்காய் தாய்மரத்தின் மட்டையடியில் இருந்த நார் நாரான பன்னாடையை உரித்தது. ஒருமுறை சுற்றினால் பிறகு கழற்ற முடியாது, பளபளப்பெல்லாம் போய்விடும் என்று மரம் எச்சரித்தது. போனால் போகட்டும் என்று தேங்காய் அதை மேன்மேலும் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் பச்சைத் தோலும் போர்த்துக்கொண்டது. மிச்சமிருந்த புளிப்பும் சுண்ணாம்பும் அதே அளவில் உள்ளே போனதும் இரண்டு கண்களைக் கெட்டியாக மூடியது. மூன்றாவதை மட்டும் மரவட்டையின் வாலைச் சுற்றி மெல்லிய தோலால் அடைத்தது.

காற்று மேலிருந்தும் கீழிருந்தும் மோதிப் பார்த்தது. புக இடமில்லை. மரவட்டை கால்களைத் தூக்கத் தொடங்கியது. பதினொன்றில் நிற்கவில்லை, பதினைந்தில் நிற்கவில்லை, இருபதில்தான் நின்றது.

மரவட்டை வாலை உருவியதும் அந்தச் சூட்டு நீர் மணலில் இறங்கியது; முட்டைகள் பொரிந்தன. உடும்பு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, "சரி, சரி, கலைஞ்சு போங்க," என்றது. முசுறு வேலை இருப்பதுபோல மரமேறிவிட்டது. "நத்தைகிட்ட மன்னிப்பு யார் கேக்கிறது?" என்று தேங்காய் கேட்டது. ஒருவர்கூட நிற்கவில்லை. நத்தை தன் ஓட்டுக்குள் போய்விட்டது. அதனால்தான் இன்றும் யார் நிழல் பட்டாலும் அது உள்ளே போய்விடுகிறது.

அன்று முதல்தான் தேங்காய் நாரைக் கழற்றாமல் இருக்கிறது. அதன் இரண்டு கண்கள் கெட்டி, ஒன்று மட்டும் மெத்து. காற்று அந்த ஆத்திரத்தில் தென்னையைக் கண்டால் தலையைப் பிடித்து உலுக்குகிறது. எவ்வளவு உலுக்கினாலும், உச்சி வெயில் கொளுத்தினாலும், உள்ளே இருக்கும் இளநீரின் குளிர்ச்சியில் ஒரு சொட்டைக்கூட அதனால் இன்றுவரை திருட முடியவில்லை.