தனியே வைத்த கிண்ணம்

"அன்னையே, என் மனைவியின் ஒயின் செத்துப்போய்விட்டது."

அன்னை அகத்தா தலை நிமிரவில்லை. பீப்பாயின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செத்ததா, மயங்கிக் கிடக்கிறதா?"

"அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்."

வந்தவர் சந்தியாகு. காரைக்காலில் பிறந்தவர், பிரெஞ்சுப் படையில் சார்ஜண்டாக இருந்து ஓய்வுபெற்றவர், பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில், மனைவி ஒதீலின் ஊரிலேயே தங்கிவிட்டவர். திராட்சைக் கொடியை நறுக்குவதும் கட்டுவதும் கூடை சுமப்பதும் அவர் வேலை. நிலவறைக்குள் நடப்பதெல்லாம் ஒதீலின் வேலை.

"வெயிலில் நடப்பது உங்கள் பொறுப்பு, இருட்டில் நடப்பது என் பொறுப்பு" என்பாள் ஒதீல்.

இவ்வாண்டு பழம் பறித்துப் பிழிந்தாயிற்று. சாறு தொட்டியில் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்குவது அடங்குமுன்பே ஒதீல் அடங்கிவிட்டாள்.

அடக்கம் முடிந்து வந்தவர் நிலவறைக்குள் இறங்கினார். தொட்டியிலும் ஓசை இல்லை.

சாற்றிலுள்ள இனிப்பை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் முழுதும் தின்று தீர்த்தால்தான் சாறு ஒயினாகும். பாதியில் நின்றுவிட்டால் இனிப்பு மிஞ்சும். மிஞ்சிய இனிப்பைத் தேடி வேறு விருந்தாளிகள் வருவார்கள். அவர்கள் வந்தால் எல்லாம் புளித்துக் கெட்டுப்போகும். அவ்வளவு சந்தியாகுவுக்கும் தெரியும். அதற்குமேல் தெரியாது. தெரிந்தவள் கல்லறையில் இருந்தாள்.

ஒயினுக்கு உடம்பு சரியில்லையென்றால் அந்த வட்டாரத்தார் கன்னியர் மடத்து நிலவறையைத் தேடிச் செல்வார்கள். அதைக் கவனித்துவந்தவர் அன்னை அகத்தா. வயதில் சந்தியாகுவைவிட இளையவர். சொற்களைச் செலவிடுவதில் கருமி.

"என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஈஸ்ட் போட்டேன்."

"பிறகு?"

"இன்னும் போட்டேன். பிறகு கடையில் இருந்ததையெல்லாம் வாங்கிவந்து கொட்டினேன். படைபடையாக அனுப்பினேன், அன்னையே. ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை."

"சார்ஜண்ட் போர்க்களத்தைப் பார்க்காமலே படையை அனுப்பினார் போலும்."

சந்தியாகுவுக்குச் சுருக்கென்றது.

"வினிகர் வியாபாரி வந்தாரா?" என்றார் அன்னை.

"முசியே தீபோ அடுத்த வாரம் சனிக்கிழமை லாரியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு மூக்கு நீளம். இழவு வீட்டுக்கு மாலை கொண்டுவந்தவர், போகும்போது தொட்டியையும் முகர்ந்துவிட்டுப் போனார்."

"கொடுத்துவிடலாமே. நல்ல வினிகர் ஆகும்."

"அவள் கடைசியாகப் பிழிந்த சாறு அது. அதைக் கீரைமேல் தெளித்துத் தின்னட்டும் என்கிறீர்களா?"

அன்னை அகத்தா துணியைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தார்.

"இந்த நாட்டில் முதன்முதலில் எங்கே இறங்கினீர்கள்?"

"மார்செய் துறைமுகத்தில். நல்ல குளிர்காலம்."

"இறங்கியதும்?"

"காரைக்கால் வெயிலில் கப்பலேறியவனைக் கொண்டுவந்து பனிக்காற்றில் அணிவகுத்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். அன்னையே, நான் ஒயினைப் பற்றிக் கேட்டேன்."

"எப்படிப் பிழைத்தீர்கள்?"

"ஒதீல்தான். அந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தாள். முதலில் என் கட்டிலருகே சன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தாள். அது பழகியதும் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனாள். பிறகு முற்றத்துக்கு. அந்தக் குளிர்காலம் முடியுமுன்பே பனியில் கைகோத்து நடந்தோம்."

"சரி" என்று சொல்லிவிட்டு அன்னை உள்ளே போனார்.

திரும்பிவந்தபோது கையில் ஒரு மண்குடம் இருந்தது. விரிசல் விட்ட கைப்பிடியில் கம்பி சுற்றியிருந்தது. குடத்துக்குள் மடத்தின் சாறு நுரைத்துக் கொதிப்பதுபோல் முணுமுணுத்தது. மடத்தில் எப்போதும் பழத்தைக் கடைசியாகத்தான் பறிப்பார்கள்.

"இதை உங்கள் தொட்டியில் ஊற்றாதீர்கள்."

"பிறகு?"

"தொட்டியை இதில் ஊற்றுங்கள்."

சந்தியாகு குடத்தைப் பார்த்தார். அன்னையைப் பார்த்தார்.

"அன்னையே, தொட்டி என்னைவிட உயரம். இது என் முழங்காலுக்குக்கூட எட்டாது."

"தெரியும்."

"கொள்ளாதே!"

"கொள்ளாதபோது பெரிய பாத்திரம் தேடுங்கள். இன்னொன்று. வீட்டுக்குப் போனதும் இதிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து அடுப்பங்கரையில் தனியே மூடிவையுங்கள்."

"எதற்கு?"

"படையில் இருந்தபோது எதற்கென்று கேட்பீர்களா?"

"கேட்க மாட்டோம்."

"நல்ல பழக்கம்."

சந்தியாகு குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். அதன் முகத்தை அவர் பார்க்கவில்லை. அந்த நாள்களில் அவர் எதன் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டில், சொன்னபடியே ஒரு கிண்ணத்தைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு தொட்டியிலிருந்து ஒரு கிண்ணம் ஒயினைப் பிடித்துக் குடத்தில் ஊற்றினார்.

முணுமுணுப்பு நின்றது.

அவர் மூச்சும் நின்றது.

வெகுநேரம் கழித்து ஒரு குமிழி மேலே வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பழைய முணுமுணுப்பு.

மேலும் ஒரு கிண்ணம். மீண்டும் மௌனம். மீண்டும் குமிழி.

சந்தியாகு தொட்டியை அண்ணாந்து பார்த்தார். சனிக்கிழமையை நினைத்தார். கிண்ணத்தைப் பார்த்தார். இப்படியே போனால் தொட்டி தீருமுன் தம் ஆயுள் தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

பெரிய அண்டா ஒன்றை எடுத்துக் குடத்திலிருந்ததை அதில் கவிழ்த்தார். அதன் தலையில் ஒரு வாளி நிறைய ஒயினைக் கொட்டினார்.

மௌனம்.

நாலு நாளாகியும் மௌனம். அண்டாவின்மேல் ஒரு நுரைகூட இல்லை.

மடத்து நிலவறையின் வாசலில் அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு ஊற்றினீர்கள்?" என்றார் அன்னை.

"வாளி."

"குடம் எவ்வளவு இருந்தது?"

"இன்னொரு குடம் தாருங்கள், அன்னையே. இந்த முறை சொன்னபடி செய்கிறேன்."

"எங்கள் சாறும் அடங்கிவிட்டது. இனிப்பைத் தின்று முடித்து எல்லாம் அடியில் படுத்துவிட்டன. நேற்றுத்தான் வண்டலை நீக்கிப் பீப்பாய்க்கு மாற்றினோம். கொடுக்க ஒன்றுமில்லை."

"அப்படியானால் முடிந்ததா?"

"உங்கள் அடுப்பங்கரையில் என்ன இருக்கிறது?"

சந்தியாகு ஓடினார். கொடிகளுக்கிடையே கிளை நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சார்ஜண்ட்! எதிரி எந்தப் பக்கம்?" என்று ஒருவன் கத்தினான்.

"எனக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லையடா!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

கிண்ணம் வைத்த இடத்தில் இருந்தது. மூடியை எடுத்தார். அதுவும் அடங்கியிருந்தது. அடியில் மாவுபோல வெளுப்பாக ஏதோ படிந்திருந்தது.

தொட்டியிலிருந்து ஒரு கரண்டி ஒயினைக் கொண்டுவந்து, கைச்சூட்டில் வைத்திருந்து, கிண்ணத்தில் விட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுப்பில் விறகு எரிந்து சரிந்தது. எழுந்திருக்கவில்லை.

கிண்ணத்தின் ஓரத்தில், கடுகளவில், ஒரு குமிழி.

அவர் அசையவில்லை. அசைந்தால் அது போய்விடும் என்பதுபோல இருந்தார்.

இரண்டாவது குமிழி வந்தது.

பிறகு இன்னொரு கரண்டி. அது பழகியபின் இன்னும் இரண்டு. கிண்ணம் குடமாயிற்று. குடம் வாளியாயிற்று. ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பு நின்றது. ஒவ்வொரு முறையும் அவர் காத்திருந்தார். அது மீண்டும் பேசத் தொடங்கும்வரை ஒரு துளி கூட்டவில்லை. காத்திருக்கும்போது கைக்கு எட்டிய ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். அடக்கத்துக்குப் பின் தாம் உட்கார்ந்து தின்பது அதுவே முதல் முறை என்பது, ரொட்டி தீர்ந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது.

வாளி பால் கேனாயிற்று. பால் கேன் பீப்பாயாயிற்று.

சனிக்கிழமை காலையில் முற்றத்தில் லாரி வந்து நின்றது. முசியே தீபோ நிலவறைக்குள் இறங்கி, உரிமையோடு தொட்டியின் குழாயைத் திறந்து ஒரு மிடறு சுவைத்தார்.

"இனிப்பு அப்படியே இருக்கிறது, சார்ஜண்ட். நாக்கின் ஓரத்தில் இலேசாகக் கிள்ளவும் கிள்ளுகிறது. இன்றைக்கு எடுத்தால் முதல்தர வினிகர். அடுத்த வாரம் நானே வாங்க மாட்டேன்."

"பீப்பாயைச் சுவைத்துப் பாருங்கள்."

தீபோ குனிந்து காதை வைத்தார். நிமிர்ந்தார்.

"பேசுகிறது."

"ஆம்."

"பீப்பாய் பேசுகிறது, சரி. தொட்டி ஊமையாக அல்லவா இருக்கிறது? அதோ, அந்தப் பீப்பாயைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்துவிடுங்களேன். பிழைத்தால் உங்களுக்கு, செத்தால் எனக்கு."

சந்தியாகு தொட்டியைப் பார்த்தார். கை பரபரத்தது. பீப்பாய்க்கு அருகில் போனார். அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். உள்ளே இளஞ்சூடு இருந்தது.

"மாட்டேன்."

"கவிழ்க்க மாட்டீர்களா, கொடுக்க மாட்டீர்களா?"

"இரண்டும் மாட்டேன்."

"பிடிவாதம் ஒயினுக்கு ஆகாது, சார்ஜண்ட்."

"அவசரமும் ஆகவில்லை, முசியே. அதைச் செய்து பார்த்துவிட்டேன்."

தீபோ சிரித்தார். வினிகர் வியாபாரியானாலும் அவர் நல்ல மனிதர். போகும்போது, "ஒதீல் இருந்தால் என்னை நிலவறைப் படியிலேயே நிறுத்தியிருப்பாள்" என்று சொல்லிவிட்டு வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு போனார்.

சந்தியாகு மூலையிலிருந்த பழைய தொட்டியைக் கழுவினார். பேசுகின்ற பீப்பாயை அதில் இறக்கினார். ஊமைத் தொட்டியிலிருந்து ஒவ்வொரு வாளியாகப் பிடித்து அதில் சேர்த்தார். சேர்த்தார், நின்றார், கேட்டார். கேட்டபின் சேர்த்தார்.

ஒருநாள் பிற்பகலில் ஊமைத் தொட்டியின் குழாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வாளியை நீட்டிப் பிடித்துக்கொண்டே நின்றார். தொட்டி தீர்ந்துவிட்டிருந்தது.

நிலவறை முழுதும் ஓசையாக இருந்தது. ஓட்டுக்கூரையின்மேல் சிறுதூறல் விழுவதுபோன்ற ஓசை. ஒதீல் இருந்தபோது ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மேலே படுக்கையறைவரை கேட்கும் ஓசை.

சந்தியாகு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரும் இல்லாத நிலவறையில், வாய்விட்டுச் சிரித்தார்.

குளிர் முற்றியபோது ஒயின் தெளிந்தது. அன்னை அகத்தா ஆற்றங்கரை வழியாக நடந்து வந்தார். சந்தியாகு ஒரு கிண்ணத்தில் பிடித்துக் கொடுத்தார்.

அன்னை ஒரு மிடறு பருகினார். வாயில் வைத்திருந்து விழுங்கினார்.

"இனிப்பு இல்லை" என்றார்.

"இல்லையா?"

"சிறிதும் இல்லை. முழு ஒயின்."

சந்தியாகு அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். ஆனாலும் முகம் தெளியவில்லை.

"இன்னும் என்ன?"

"ஒன்று உறுத்துகிறது, அன்னையே. செத்துக்கிடந்தது அவளுடையது. உயிரோடு வந்தது மடத்துடையது. அவளுடையதை உங்களுடையதில் அல்லவா ஊற்றினேன்? அப்படியானால் இது யாருடைய ஒயின்?"

அன்னை அகத்தா கிண்ணத்தில் மிச்சமிருந்ததையும் குடித்து முடித்தார்.

சந்தியாகு உள்ளே போய், கழுவித் துடைத்து வைத்திருந்த குடத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"எதற்கு என்னிடம் நீட்டுகிறீர்கள்?"

"உங்களுடையதாயிற்றே."

"கைப்பிடியைப் பாருங்கள்."

பார்த்தார். கம்பியின் ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றோடு நெருங்கியிருந்தது. முனை, கையைக் கிழிக்காதபடி இருமுறை உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. படையில் கூடாரக் கழிகளுக்கு அப்படித்தான் கம்பி சுற்றுவார்கள். அந்த ஊரில் அப்படிச் சுற்றத் தெரிந்தவர் ஒருவர்தாம்.

விரிசல் விட்ட குடத்தைத் தூக்கியெறிய மனமில்லை என்று ஒதீல் சொன்னாள். அவர்தாம் சுற்றிக் கொடுத்தார். பிறகு ஒருநாள் குடத்தைக் காணவில்லை. கேட்டதற்கு, "இரவல் போயிருக்கிறது" என்றாள்.

"எங்கள் தொட்டி ஊமையான ஆண்டு ஒதீல் தன் பொங்கும் சாற்றை இதில்தான் கொண்டுவந்து கொடுத்தாள்" என்றார் அன்னை. "அன்றுமுதல் மடத்தில் பொங்குவதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்."

சந்தியாகு குடத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"தொட்டியைக் குடத்தில் ஊற்றச் சொன்னவளும் அவள்தானா?"

"அவள்தான்."

"ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைக்கச் சொன்னவளும்?"

"இல்லை. அதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. தானே எடுத்து, மடத்து அடுப்பங்கரையில் மூடிவைத்துவிட்டுப் போயிருந்தாள்."

"ஏன்?"

"நான் வாளியைக் கவிழ்ப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது."