மடத்து நகல்

செய்யாற்றங்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே குருவுக்கு நாற்பது வயசு, சீடருக்கு அறுபத்து மூன்று. புதிதாக வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துச் சீடர் காலில் விழப் போவார்கள். அவர் பதறிப்போய், “சாமி உள்ளே இருக்காரு” என்று கையைக் காட்டுவார்.

சீடர் பேர் ஏகாம்பரம். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பு காவி கட்டிக்கொண்டதே தவிர, புத்தி இன்னும் தினமும் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் மடத்து ஆபீஸையே அவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர்களுக்குச் சாமி ஒரு கடிதம் கொடுத்து அனுப்புவார். இன்ன வேலை பார்த்தார், இத்தனை வருஷம் பார்த்தார், நல்லபடியாகப் பார்த்தார் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஓரத்தில் திருநீறு தடவித் தருவார். வெளியே அந்தக் கடிதத்துக்கு நல்ல மதிப்பு. நகல் ஒன்று மடத்திலும் இருக்கும். கடிதத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கென்று ஏகாம்பரம் ஒரு படிவம் கொண்டுவந்தார்.

ஒரு அமாவாசை அன்று பொற்கொடி வந்தாள். மடத்துச் சமையலறையில் ஒன்பது வருஷம் இருந்தவள். அன்னதானத்துக்குக் கூட்டம் கூடியிருந்த நேரம்.

“ஐயா, சாமி கொடுத்த கடுதாசி போயிடுச்சு. இன்னொண்ணு வேணும். ஆரணியில ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல சமையலுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்குக் காட்டணும். இல்லேன்னா பாத்திரம் கழுவத்தான் எடுப்போம்னு சொல்லிட்டாங்க. அந்தச் சம்பளத்துல நானும் பொண்ணும் தனியாக் குடித்தனம் பண்ண முடியாதுங்க.”

ஏகாம்பரம் படிவத்தை நீட்டினார். அவள் எழுதிக் கொடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார்.

“‘எப்படித் தொலைந்தது’ன்னு ஒரு இடம் இருக்கே. காலியா விட்டிருக்கியே?”

“அது… போயிடுச்சுங்க.”

“போயிடுச்சுன்னா? அதுக்குக் காலா முளைச்சுது?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பொற்கொடி மேஜைக்குக் கிட்டே குனிந்து, “வீட்டுக்காரர் கிழிச்சுப் போட்டுட்டாருங்க” என்றாள்.

“கிழிச்சுப் போட்டாரா! புருஷனா? ஏன்?”

இப்போது கூட்டம் முழுக்கத் திரும்பியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இது இருக்கிற தைரியத்துலதானே எதிர்த்துப் பேசறேன்னு…”

“குடிச்சிருந்தாரா?”

“இல்லைங்க. தெளிவாத்தான் இருந்தாரு.”

“சரி. ஸ்டேஷன்ல ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கிட்டு வா. ஆதாரம் வேணுமில்ல?”

பொற்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணோரம் போய் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷம் அந்தக் கூட்டத்துக்குச் சோறு போட்டவள், அதன் முன்னால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணுமே என்பார்கள். இந்தப் பூசாரி மூன்று வருஷம் அவள் கையால் சாப்பிட்டவர். அவருடைய வயிற்றுப் புண்ணுக்காக அவள் காரம் போடாமல் தனியாகக் கீரை கடைந்து வைப்பாள். அவள் இங்கே வேலை பார்த்தாளா என்று இவருக்குத் தெரியாதாமா! என்ன அநியாயம் இது.

சாமி உள்ளேயிருந்து வந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

“சாமி, நீங்களே சொல்லுங்க” என்றார் ஏகாம்பரம். “காரணம் கேக்காம ஆளாளுக்கு எழுதிக் கொடுத்தா மடத்துக்கு மரியாதை இருக்குமா?”

சாமி மேஜைக்குக் கிட்டே வந்து நின்றார்.

“மடத்து நகல் இருக்குமே. எடுத்துட்டு வாங்க, அதைப் பார்த்து எழுதிடலாம்.”

ஏகாம்பரம் எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

“நகல் இல்லை சாமி.”

“ஏன்?”

“தொலைஞ்சு போச்சு.”

“அப்படியா?” சாமி மேஜையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “நிரப்புங்க.”

“நானா சாமி?”

“கடிதம் ரெண்டு பிரதி. ரெண்டும் தொலைஞ்சிருக்கு. பொற்கொடி தன்னோடதுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க.”

ஏகாம்பரம் பேனாவைத் திறந்தார். பேரை எழுதினார், தேதியை எழுதினார். அடுத்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. பொற்கொடி வேலையை விட்டுப் போன பிறகு ஒரு பொங்கலுக்கு, சுத்தம் செய்கிறேன் என்று பழைய கட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டிருந்தார். அறை பளிச்சென்று ஆகிவிட்டது என்று அத்தனை பேரும் மெச்சினார்கள். அவரும் அதைக் கேட்டுப் பூரித்துப் போனார்.

“எப்படித் தொலைந்தது?” என்றார் சாமி. கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

ஏகாம்பரத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவமானம் பிடுங்கித் தின்றது.

“சொல்லுங்க. எப்படித் தொலைந்தது?”

தூணோரத்திலிருந்து பொற்கொடி எழுந்து ஓடிவந்தாள்.

“வேணாம் சாமி, விட்டுடுங்க! வயசானவரு. நாலு பேர் முன்னாடி கேக்காதீங்க சாமி. எனக்குக் கடுதாசியே வேணாம். நான் பாத்திரமே கழுவிக்கிறேன்.”

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

சாமி படிவத்தை ஒதுக்கிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார். “கடிதத்தை எழுதுங்க.”

“எதைப் பார்த்து எழுதறது சாமி?”

“மூணு வருஷம் சாப்பிட்டீங்களே, அதை நினைச்சு எழுதுங்க.”

எழுதினார். சாமி கையெழுத்துப் போட்டு, திருநீறு தடவிப் பொற்கொடியிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். “வர்றேன் சாமி. வர்றேங்க ஐயா” என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் ஏகாம்பரம் நெடுஞ்சாண்கிடையாகச் சாமி காலில் விழுந்தார்.

“என்னை மன்னிச்சிடுங்க சாமி. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

சாமி காலை இழுத்துக்கொண்டார்.

“என் காலை எதுக்குப் பிடிக்கிறீங்க? ஆரணி பஸ் இன்னும் வரலை.”